கவுண்டி நிர்வாகத்திலிருந்து ஆளுநர் பதவிக்கு: ஒருவருடைய உள்ளூர்ப் பணியை எதைக் கொண்டு அளப்பது?

வைகறை கேட்டது:

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிறகு முதன்முறையாக மாநில அளவிலான தேர்தல் ஒன்றில் வாக்களிக்கப் போகிறேன். எங்கள் கவுண்டியின் (மாநிலத்தின் உட்பிரிவு, நம் ஊர் மாவட்டம் போன்றது) நிர்வாகத் தலைவராக எட்டு ஆண்டுகள் இருந்தவர், மாநில அரசின் தலைமைப் பதவியான ஆளுநர் பதவிக்காக, கட்சியின் வேட்பாளரைத் தெரிவு செய்யும் உட்கட்சித் தேர்தலில் நிற்கிறார். மாநிலத்தின் பெயரையும் அவருடைய பெயரையும் வேண்டுமென்றே தவிர்க்கிறேன். பெயரைச் சொன்னால் பேச்சு அவரைப் போற்றுவதிலும் தூற்றுவதிலும் போய் நின்றுவிடும்.

அவரை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறைதான். எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டு மூன்று வீடுகளின் நிலவறைகளில் தண்ணீர் புகுந்திருந்தது. மறுநாள் காலை ரப்பர் பூட்ஸ் அணிந்து வந்தவர், எங்களிடம் ஆறுதல் சொல்வதற்கு முன்னால் உடன் வந்த பொறியாளரிடம் குழாயின் விட்டம் எவ்வளவு, எந்த ஆண்டில் பதித்தது, கீழ்ப்புறத்தில் அது எந்த ஓடையில் சேர்கிறது என்று கேட்டுச் சட்டைப்பையிலிருந்த சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த கோடைக்குள் குழாய் மாற்றப்பட்டது. அதே மனிதரை அண்மையில் தொலைக்காட்சி விவாதத்தில் பார்த்தபோது, மேடையின் ஓரத்தில், யாரும் அறியாதவர் போல நின்றுகொண்டிருந்தார். நெறியாளர் அவருடைய பெயரையே தவறாக உச்சரித்தார்.

எனக்கு இரண்டு ஐயங்கள். கவுண்டியை நன்றாக நடத்தியவர் மாநிலத்தையும் நன்றாக நடத்துவார் என்று கொள்ள வரலாற்றில் ஆதாரம் உண்டா? அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் தோற்றுப்போகிறார்கள் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையானால் காரணம் என்ன? குழாய் மாற்றியதற்கான நன்றியுணர்வில் மட்டும் நான் வாக்களித்துவிடக் கூடாது என்பதால்தான் கேட்கிறேன்.

செவ்வந்தி எழுதிய பதில்:

வணக்கம் வைகறை அவர்களே. உங்கள் இரண்டாம் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் அந்த மனிதரின் திறமைக் குறைவு அன்று. மாநில மக்கள்தொகையில் அவருடைய கவுண்டியின் பங்கு எவ்வளவு என்பதுதான் முதற்காரணம்.

டெலவேர் மாநிலத்தில் இருப்பவை மூன்றே கவுண்டிகள். அவற்றுள் நியூ காசில் கவுண்டியில் மட்டுமே மாநில மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். அதன் நிர்வாகத் தலைவராக இருந்த மேட் மேயர் 2024இல் துணை ஆளுநரையே உட்கட்சித் தேர்தலில் தோற்கடித்து ஆளுநரானார். அவருக்கு முன்பு அதே பதவியில் இருந்த கிறிஸ் கூன்ஸ் 2010இல் அமெரிக்க செனட்டுக்குச் சென்றார். மாநிலத்தில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே அறிமுகமானவர் களத்தில் இறங்குவதற்கும், பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியாதவர் இறங்குவதற்கும் உள்ள தொலைவைப் பணத்தால் எளிதில் கடந்துவிட முடியாது.

நியூயார்க்கில் நிலைமை நேர்மாறானது. வெஸ்ட்செஸ்டர் கவுண்டியின் ஆண்ட்ரூ ஓரூர்க் 1986இலும் ராப் அஸ்டோரினோ 2014இலும், டச்சஸ் கவுண்டியின் மார்க் மொலினாரோ 2018இலும் ஆளுநர் தேர்தலில் தோற்றனர். நாசோ கவுண்டியின் டாம் சுவோசி 2006இல் உட்கட்சித் தேர்தலையே தாண்டவில்லை. இவர்களில் எவருடைய கவுண்டியும் அந்த மாபெரும் மாநிலத்தில் ஒரு சிறு துண்டுக்கு மேல் இல்லை.

வாஷிங்டன் மாநிலத்தின் கதை இன்னும் சுவையானது. சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டியில் மாநில மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் வாழ்கின்றனர். அதன் முதல் நிர்வாகத் தலைவரான ஜான் ஸ்பெல்மன் 1976இல் டிக்சி லீ ரேயிடம் தோற்று, 1980இல் மீண்டும் நின்று வென்றார். 1984இல் அவரை வீழ்த்தியவர், பக்கத்திலிருந்த பியர்ஸ் கவுண்டியின் முதல் நிர்வாகத் தலைவரான பூத் கார்ட்னர். மாநிலத்தில் பெரும்பாலோருக்குத் தம்மைத் தெரியாது என்பதை மறைக்காமல், "எந்த பூத்?" என்று பொருள்படும் கேள்வியையே அவர் தம் பிரசார முழக்கமாக ஆக்கிக்கொண்டார். அவர் செல்வந்தர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அறிமுகமில்லாதவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் செலவை அவரால் தாங்க முடிந்தது. 1996இல் கிங் கவுண்டியின் கேரி லாக் வென்றார். அவருக்குப் பின் கிங் கவுண்டிக்கு வந்த ரான் சிம்ஸ், அப்போது மாநில வருமான வரியே இல்லாதிருந்த அந்த மாநிலத்தில் அப்படியொரு வரியைத் துணிந்து முன்மொழிந்து, 2004இல் உட்கட்சித் தேர்தலில் கிறிஸ்டீன் கிரகோயரிடம் தோற்றார். கிங் கவுண்டியின் ஒரே நாற்காலியிலிருந்து ஆளுநர் தேர்தலுக்கு நின்ற இந்த மூவரில் இருவர் வென்றிருக்கிறார்கள் என்றால், கவுண்டிப் பதவி என்பது முட்டுச்சந்து அன்று.

நாள்காட்டியும் இதில் சேரும். நியூயார்க்கிலும் பென்சில்வேனியாவிலும் கவுண்டித் தேர்தல்கள் ஒற்றைப்படை ஆண்டுகளில் நடந்துவந்ததால், இரட்டைப்படை ஆண்டில் ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றவர் மறுநாள் தம் பழைய அலுவலகத்துக்கே திரும்பிவிடலாம். ஆனால் திரும்பி வந்தவரை மக்கள் பழைய கண்ணோடு பார்ப்பதில்லை. சுவோசி 2009இல் 386 வாக்குகளில் தம் கவுண்டியையே இழந்தார். அஸ்டோரினோ 2017இல் இழந்தார். மேரிலாந்தில் கவுண்டித் தேர்தலும் ஆளுநர் தேர்தலும் ஒரே நாளில் நடப்பதால், பெரிய பதவிக்கு நிற்பவர் சிறிய பதவியைத் துறந்துதான் நிற்க வேண்டும். டெக்சாஸில், பதவிக்காலத்தில் ஓராண்டு முப்பது நாள்களுக்கு மேல் மீதமிருக்கும்போது வேறு பதவிக்கு வேட்பாளராகத் தம்மை அறிவிக்கும் கவுண்டி அதிகாரி, அந்த அறிவிப்பாலேயே பதவி விலகியவராகிவிடுகிறார். எனவே உங்கள் வேட்பாளர் எதைப் பணயம் வைத்து நிற்கிறார் என்பதைப் பாருங்கள். நான் அதற்குப் பெரிய மதிப்புத் தருகிறேன்.

கணக்காயன் எழுதிய பதில்:

செவ்வந்தி அம்மையார் வெற்றி தோல்வியை விளக்கிவிட்டார். நான் முதற்கேள்விக்கு வருகிறேன். ஒரு கவுண்டியின் நிதித் துறையில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: கவுண்டியில் ஒருவர் பணத்தைக் கையாண்ட விதம் அவருடன் கூடவே மேலே செல்கிறது. மேடைப் பேச்சு மாறும், கொள்கை மாறும், கட்சிகூட மாறலாம். அந்தக் கைப்பழக்கம் மாறி நான் கண்டதில்லை.

ஸ்பைரோ ஆக்னியூவை எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் பால்டிமோர் கவுண்டியின் நிர்வாகத் தலைவரானார்; 1966இல் மேரிலாந்தின் ஆளுநரானார்; 1969இல் அமெரிக்கத் துணை அதிபரானார். ஏழே ஆண்டுகளில் நடந்த ஏற்றம் அது. 1973ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் துணை அதிபர் பதவியிலிருந்து விலகி, வருமான வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல் ஏற்றுக்கொண்டார். வேர் எங்கே இருந்தது? கவுண்டியில்தான். சாலை, பாலப் பணிகளுக்கான பொறியாளர்களை விலைப்புள்ளிப் போட்டியின்றித் தெரிவு செய்யும் உரிமை அவர் கையில் இருந்தது. அப்படித் தெரிவு செய்யப்பட்டவர்கள் அவருக்குக் கமிஷன் கொடுத்தார்கள். அவர் ஆளுநரான பின்பும், துணை அதிபரான பின்பும் அந்தக் கொடுக்கல் நிற்கவில்லை. கூட்டரசு வழக்கறிஞர்கள் ஆக்னியூவைத் தேடிப் போகவில்லை. அவருக்குப் பின் அதே கவுண்டி நாற்காலியில் அமர்ந்த டேல் ஆண்டர்சனின் கணக்குகளைத் துருவியபோதுதான் அந்த இழை துணை அதிபர் வரை நீண்டது.

இதற்கு மாறான இன்னொருவர் மிசூரியின் ஜாக்சன் கவுண்டியில் இருந்தார். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹாரி ட்ரூமன் அங்கே வகித்த பதவிக்கு "நீதிபதி" என்று பெயர், ஆனால் அது வழக்கு விசாரிக்கும் வேலை அன்று. சாலையும் கட்டடமும் வரியும் பார்க்கும் நிர்வாகப் பதவி. அவரை மேலே கொண்டுவந்தது கான்சஸ் சிட்டியின் டாம் பெண்டர்காஸ்ட் நடத்திய, நற்பெயர் இல்லாத அரசியல் இயந்திரம், அதாவது சலுகை கொடுத்து வாக்குத் திரட்டும் கட்சி அமைப்பு. இருந்தும் 1928இல் மக்கள் வாக்களித்து அனுமதித்த கடன்பத்திரப் பணத்தில் சாலைகள் போட்டபோது, குறைந்த விலை கேட்டவர்களுக்கே ஒப்பந்தம் கொடுத்தார்; தெற்கு டகோட்டாவிலிருந்து வந்த நிறுவனமும் அதில் ஒன்று. பெண்டர்காஸ்டின் ஆட்கள் முறையிட்டும் அவர் அசையவில்லை. 1934இல் செனட்டுக்குச் சென்றார், போர்க்காலத்தில் இராணுவ ஒப்பந்தங்களின் வீண்செலவை விசாரிக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கிப் பெயர் பெற்றார். ஜாக்சன் கவுண்டியில் ஒப்பந்தக்காரர்களிடம் கற்ற பாடம் அது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஆகவே வைகறை அவர்களே, குழாய் மாற்றியது நல்ல செய்தி, ஆனால் அந்தக் குழாய் ஒப்பந்தத்தையும் தேடிப் படியுங்கள். எத்தனை பேர் விலை கேட்டார்கள்? வடிவமைத்த பொறியியல் நிறுவனம் எப்படித் தெரிவு செய்யப்பட்டது? வேலை தொடங்கிய பின் கூடுதல் பணி ஆணைகள் எத்தனை முறை வந்தன, ஒவ்வொன்றிலும் தொகை எவ்வளவு ஏறியது? அந்த நிறுவனத்தின் பெயர் வேட்பாளரின் தேர்தல் நன்கொடைப் பட்டியலில் இருக்கிறதா? இவை அனைத்தும் பொது ஆவணங்கள். என் மேசைக்கு வந்த கோப்புகளில் நான் முதலில் புரட்டியது கூடுதல் பணி ஆணைகளைத்தான். முதல் ஒப்பந்தத்தை எல்லோரும் பார்ப்பார்கள் என்று எழுதுபவருக்குத் தெரியும். நான்காவது திருத்தத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்றும் தெரியும்.

ஓய்வூதியத்தையும் விட்டுவிடாதீர்கள். மில்வாக்கி கவுண்டியில் ஊழியர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மிகத் தாராளமாக வழங்கப்பட்ட ஓய்வூதியச் சலுகைகள் வெளிவந்தபோது மக்கள் கொதித்தெழுந்தனர். நிர்வாகத் தலைவர் டாம் அமெண்ட் 2002இல் பதவியைவிட்டு விலகினார். அந்த வெற்றிடத்தில் வந்தவர்தான் ஸ்காட் வாக்கர்; எட்டு ஆண்டுகள் கழித்து விஸ்கான்சின் ஆளுநரானார். ஓய்வூதியக் கணக்கில் யாரோ போட்ட ஒரு பெருக்கல் ஒரு மாநிலத்தின் அரசியலையே திருப்பிவிட்டது.

நெய்தல் எழுதிய பதில்:

கணக்காயன் ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒரு பகுதியில் மாறுபடுகிறேன். கவுண்டியில் பணத்தைச் செம்மையாக ஆண்டவர் மாநிலத்தையும் செம்மையாக ஆள்வார் என்று அவ்வளவு நேர்க்கோடாகச் சொல்லிவிட முடியாது. பாரிஸ் கிளென்டெனிங் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியைப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்டு, 1994இல் மேரிலாந்தின் ஆளுநரானார். மாநிலத்தின் 24 தேர்தல் வட்டாரங்களில் மூன்றில் மட்டுமே முந்தி, 5,993 வாக்குகளில் வென்றார். கவுண்டியில் அவருக்குப் பின் வந்த வெய்ன் கரி, பெரும் பற்றாக்குறை தம் தலையில் விடப்பட்டதாகக் குறைகூறினார். ஆனாலும் ஆளுநராக கிளென்டெனிங் கொண்டுவந்த, நகரங்கள் காட்டுத்தனமாகப் பரவுவதைத் தடுக்கும் நிலப்பயன்பாட்டுத் திட்டத்தை மற்ற மாநிலங்களும் எடுத்துப் படித்தன. கவுண்டியில் பார்த்த வீட்டுமனைப் பெருக்கம்தான் அந்த எண்ணத்துக்கு விதை என்று நினைக்கிறேன்.

நான் பார்க்கச் சொல்வது வேறொன்று: அந்த மனிதர் இடையில் எத்தனை படிகளில் கால் வைத்தார் என்பது. ஜோஷ் ஷபீரோ 2011இல் மான்ட்கோமரி கவுண்டியின் ஆணையர் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பென்சில்வேனியாவின் பெரும்பாலான கவுண்டிகளில் இந்தக் குழுவுக்கு மூன்று இடங்கள். ஒவ்வொரு கட்சியும் இருவரை நிறுத்தும், வாக்காளரும் இருவருக்கு மட்டுமே வாக்களிப்பார். ஆகையால் மூன்றாம் இடம் ஏறக்குறைய எப்போதும் எதிர்க்கட்சிக்குப் போய்விடும். வாரந்தோறும் எதிர்க்கட்சிக்காரருடன் ஒரே மேசையில் அமர்ந்து வரவுசெலவுத் திட்டம் போட வேண்டிய அமைப்பு அது. அங்கிருந்து 2016இல் மாநில அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி) தேர்தல், அதன்பின் 2022இல் ஆளுநர் தேர்தல். இதே வழியில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஏர்ல் வாரன் நடந்திருக்கிறார்: அலமீடா கவுண்டியின் மாவட்ட வழக்கறிஞர், கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல், ஆளுநர், இறுதியில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. நடுவில் ஒரு மாநிலப் பதவி இருந்தால், கவுண்டிக்கு வெளியே வாழும் வாக்காளர் அவரை ஒருமுறை எடைபோட்டுப் பார்த்திருப்பார்.

நியூ ஜெர்சியில் நடுப்படி கிடைப்பது அரிது. ஆளுநரும் துணை ஆளுநரும் தவிர மாநில அரசில் மாநிலம் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவியே அங்கு இல்லை. எனவே கவுண்டியில் தொடங்குபவர்கள் சுற்றி வர வேண்டியிருக்கிறது. கிறிஸ்டீன் டாட் விட்மன் சாமர்செட் கவுண்டிக் குழுவில் இருந்தவர். 1990இல் செனட்டர் பில் பிராட்லியிடம் மயிரிழையில் தோற்றதால்தான் மாநிலம் முழுவதும் பெயர் பெற்று, 1993இல் ஆளுநர் தேர்தலில் வென்றார். கிறிஸ் கிறிஸ்டி மோரிஸ் கவுண்டிக் குழுவில் ஒரே ஒரு தவணைதான் இருந்தார். இடையில் சட்டமன்றத்துக்கு முயன்று தோற்றார், 1997இல் கவுண்டி இடத்தையும் தம் கட்சிக்காரர்களிடமே இழந்தார். அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் எண்ணியிருப்பார்கள். 2002இல் கூட்டரசு வழக்கறிஞராக நியமிக்கப்பட்டு, 2009இல் ஆளுநர் தேர்தலில் வென்றார்.

பெயர் தெரியாமல் நேரே ஆளுநர் தேர்தலுக்குத் தாவுவதில் ஓர் ஆபத்து உண்டு. ஒஹையோவின் கயஹோகா கவுண்டிக்கு முதல் நிர்வாகத் தலைவராக இருந்த எட் ஃபிட்ஸ்ஜெரால்டு 2014இல் ஆளுநர் பதவிக்கு நின்றார். பல ஆண்டுகளாக அவரிடம் முறையான ஓட்டுநர் உரிமம் இல்லை என்பது பிரசாரத்தின்போது வெளிவந்தது. வேறொன்றும் அறியாத வாக்காளர்களுக்கு அவரைப் பற்றிய முதல் செய்தியே அதுவாகிவிட்டது. ஜான் கேசிக் 88 கவுண்டிகளில் 86ஐ வென்றார். அவற்றுள் ஃபிட்ஸ்ஜெரால்டின் சொந்தக் கவுண்டியும் ஒன்று.

வைகறை மீண்டும் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செவ்வந்தி அவர்கள் பார்க்கச் சொன்னதைப் பார்த்துவிட்டேன்: எங்கள் மாநிலத்தில் இவர் கவுண்டிப் பதவியைத் துறந்துதான் நிற்கிறார். நடுப்படி எதுவும் இல்லை, நேரே தாவுகிறார். வடிகால் ஒப்பந்தத்தையும் தேடி எடுத்தேன். ஐந்து நிறுவனங்கள் விலை கேட்டிருக்கின்றன, குறைந்த விலைக்கே கொடுத்திருக்கிறார்கள், ஒரே ஒரு கூடுதல் பணி ஆணை. பழைய குழாயின் கீழே பாறை தட்டுப்பட்டதாகக் காரணம் எழுதி, புகைப்படமும் இணைத்திருக்கிறார்கள். எனக்குப் பெரிய நிம்மதி.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அவருடைய விளம்பரங்களில், மூன்று தரமதிப்பீட்டு நிறுவனங்களும் எங்கள் கவுண்டியின் கடன்பத்திரங்களுக்கு மிக உயர்ந்த தரம் அளித்திருப்பதாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதை அவருடைய சாதனையாகக் கொள்ளலாமா?

கணக்காயன் எழுதிய பதில்:

அவர் வரும் முன்பே அந்தத் தரம் இருந்ததா என்று முதலில் பாருங்கள். மூடிஸ், எஸ் அண்ட் பி, ஃபிட்ச் ஆகிய மூன்றும் தரம் குறிக்கும்போது நிர்வாகத்தை மட்டும் பார்ப்பதில்லை. அங்கு வாழும் மக்களின் வருமானம், வீடுகளின் மதிப்பு, வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்கும் பெரிய எடை தருகின்றன. வசதியுள்ள கவுண்டிக்கு உயர்ந்த தரம் கிடைப்பது வியப்பன்று. அதைக் காப்பாற்றியதற்கு அவருக்குப் பங்கு கொடுங்கள், உருவாக்கியதற்குக் கொடுக்காதீர்கள்.

கவுண்டியின் இணையதளத்தில் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டு நிதி அறிக்கை இருக்கும். பல நூறு பக்கங்கள் கொண்டது. பயப்பட வேண்டாம், கடைசிப் பகுதிக்குப் போங்கள். பெரும்பாலான கவுண்டிகள் அங்கே பத்து ஆண்டுகளின் புள்ளிவிவரங்களை அட்டவணைகளாகத் தருகின்றன: தலைக்கு எவ்வளவு கடன், துறைவாரியாக எத்தனை ஊழியர்கள், எவ்வளவு வரி வந்தது, பொது நிதியில் எவ்வளவு மீதி. உங்கள் வேட்பாளர் எட்டு ஆண்டுகள் இருந்தவர் என்பதால் அவருக்கு முந்திய இரண்டு ஆண்டுகளும் அதே பக்கத்தில் இருக்கும். அவர் பதவியேற்ற ஆண்டின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு, கோட்டுக்கு இருபுறமும் படியுங்கள். ஓய்வூதிய நிதிக்குக் கவுண்டி கட்ட வேண்டிய தொகையும் உண்மையில் கட்டிய தொகையும் அறிக்கையின் வேறொரு அட்டவணையில் அடுத்தடுத்து இருக்கும். இரண்டும் எந்த ஆண்டிலாவது ஒத்துப்போகவில்லை என்றால் அந்த ஆண்டை இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.